அப்பாவின் கப்பா 34இல் இருந்து 58: நோய் திரும்பிவிட்டதா, லாப் மாறியதால் வந்த வித்தியாசமா?

வெள்ளவத்தை மகள் | ஆகஸ்ட் 12, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் வருபவள், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். நித்திரை வரவில்லை.

அப்பாவுக்கு 67 வயது. ஐ.ஜி.ஜி. கப்பா வகை மயலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் இரத்தப் புற்றுநோய். மூன்று வருடத்துக்கு முன் நாரி நோ என்று தொடங்கி, முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நொறுங்கியிருந்ததைக் கண்டபிறகுதான் விடயம் தெரியவந்தது. போர்ட்டிசோமிப் ஊசி, டெக்ஸா என்ற ஸ்டீரொய்ட் எல்லாம் முடிந்து இப்போது லெனலிடோமைட் குளுசை 10 மில்லிகிராம், 21 நாள் குடித்து 7 நாள் விடுகிறார். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக்.

இதுவரை எல்லா டெஸ்டும் ஒரே லாபில்தான். பெப்ரவரியில் நோய் அணுக்கள் விடும் எம் புரதம் 0.4, லைட் செயின் என்னும் சின்னப் புரதங்களில் கப்பா 31, லாம்டா 14. மே மாதம் எம் புரதம் அதே 0.4, கப்பா 34, லாம்டா 15. இந்த முறை மழை, அப்பாவுக்கு முழங்கால் நோ வேறு, அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று காலி வீதியில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு லாபில் இரத்தம் கொடுத்தோம். இன்று பின்னேரம் ரிப்போர்ட் வந்தது. எம் புரதம் 0.6. கப்பா 58, லாம்டா 29. ஹீமோகுளோபின் 11.6ஆக இருந்தது, 10.7. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1ஆக இருந்தது, 1.3. பிளேட்லெட் 118 ஆயிரம்.

கப்பாவுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு ‘எச்’, கூடுதல் என்று அர்த்தம். அதைப் பார்த்ததில் இருந்து கை நடுங்குகிறது. 25 சதவீதம் கூடினால் நோய் திரும்பியதாக எடுப்பார்கள் என்று கூகுளில் போட்டிருக்கிறது. எங்களுக்கு 70 சதவீதம் கூடியிருக்கிறது. அடுத்த கிளினிக் 26ஆம் திகதி. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தெஹிவளை 7 வருடம் | ஆகஸ்ட் 12, இரவு 10.51

தங்கச்சி, முதலில் ஒரு தேத்தண்ணீர் போட்டுக் குடியுங்கள். நான் நோயாளி. ஏழு வருடம். அந்த ‘எச்’சை ஒரு நூறு தடவையாவது பார்த்திருப்பேன். இன்னமும் காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறேன்.

எனக்கு நடந்த ஒன்று சொல்கிறேன். போர்ட்டிசோமிப் போட்ட முதல் வருடம், ஜூன் மாதம். அப்போது ஒரு சுற்றில் 1, 4, 8, 11ஆம் நாள்களில் ஊசி. 11ஆம் நாள் இரத்தம் எடுத்தார்கள், பிளேட்லெட் 62 ஆயிரம். எங்கள் ஒழுங்கையில் அந்தக் கிழமை மட்டும் மூன்று பேருக்கு டெங்கு. எனக்கும் உடம்பு லேசாகச் சுட்டது. மனைவி அழுதுகொண்டே பப்பாசி இலை தேடிப் போய்விட்டாள். என்.எஸ்.1 என்ற டெங்கு டெஸ்ட் செய்தார்கள், இல்லை என்று வந்தது. அப்புறம்தான் டொக்டர் விளக்கினார்: இந்த ஊசியில் ஒவ்வொரு சுற்றிலும் பிளேட்லெட் இறங்கும், 11ஆம் நாள் அளவில் அடியில் நிற்கும், அடுத்த சுற்றுக்குள் தானாக ஏறிவிடும். ஏறியது. அடுத்த சுற்றின் முதல் நாள் 148 ஆயிரம்.

டெக்ஸாவும் அப்படித்தான். குடித்த மறுநாள் காலை வெறும் வயிற்றில் சீனி 212, வெள்ளை அணு 13 ஆயிரம். இரண்டும் டெக்ஸாவின் கைவரிசை. தெரியாதவன் பார்த்தால் நீரிழிவும் கிருமியும் ஒன்றாக வந்துவிட்டன என்பான்.

அதிலிருந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேல் மூலையிலும் சுற்று எத்தனை, நாள் எத்தனை என்று பென்சிலால் குறித்து வைக்கிறேன். உங்கள் அப்பா இரத்தம் கொடுத்தது குளுசை குடிக்கிற 21 நாளின் கடைசியிலா, விடுகிற 7 நாளிலா? பிளேட்லெட் 118 என்பதை அது தெரியாமல் வாசிக்க முடியாது.

ஒன்று மட்டும். காய்ச்சல் இருந்தால், அதுவும் இந்த மழைக்காலத்தில், மருந்தின் வேலையாகத்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவெடுத்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடனே காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற லாப்காரர் | ஆகஸ்ட் 13, காலை 5.38

31 வருடம் லாபில் நின்றவன். டொக்டர் இல்லை, ஆகவே நோய் திரும்பியதா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எண்கள் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லலாம்.

எம் புரதம் 0.6 என்று தாளில் அச்சாகி வருவதால் ஏதோ தராசில் நிறுத்த மாதிரித் தெரியும். அப்படி இல்லை. இரத்தத்தில் உள்ள புரதங்களை மின்சாரத்தில் ஓடவிட்டால் திரையில் ஒரு கோடு வரும். அதில் அல்புமின் ஒரு பெரிய மலை. கடைசியில், காமா பக்கம், வழக்கமாக அகலமான ஒரு மேடு. மயலோமாவில் அந்த மேட்டின் மேல் கூராக ஒரு முளை எழும்பி நிற்கும். முளை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எல்லைக்கோடு போடுவது மெஷினுக்கு முன்னால் இருக்கும் ஆள். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் எண் மாறும். சில லாபில் முளையை அடிவரைக்கும் வெட்டுவார்கள், அப்போது கீழே கிடக்கும் நல்ல இம்யூனோகுளோபுலினும், அதாவது நோய் எதிர்ப்புப் புரதமும், கணக்கில் சேர்ந்துவிடும். சில லாபில் மேட்டுக்கு மேல் நிற்பதை மட்டும் சீவி எடுப்பார்கள். ஒரே குழாய் இரத்தம், இரண்டு எண். உங்கள் அப்பாவுடையது சின்ன முளை. சின்ன முளையில்தான் இந்தக் கூத்து அதிகம்.

இன்னொன்று. அந்த முளை மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதை மொத்தப் புரதத்தால் பெருக்கித்தான் கிராம் கணக்கு வருகிறது. முளை 6 சதவீதம், மொத்தப் புரதம் 6.8 என்றால் 0.41. முளை 7 சதவீதம், மொத்தப் புரதம் 7.6 என்றால் 0.53. தண்ணீர் குடிக்காமல் வந்து இரத்தம் கொடுத்தாலே மொத்தப் புரதம் ஏறும். முதல் நாள் சேலைன் ஏற்றியிருந்தால் இறங்கும், ஹீமோகுளோபினும் கூடவே இறங்கும்.

25 சதவீதம் பற்றி. நீங்கள் வாசித்தது பாதி. சர்வதேச மயலோமா பணிக்குழுவின் அளவுகோலில், எம் புரதம் இதுவரை வந்த மிகக் குறைந்த எண்ணில் இருந்து 25 சதவீதம் கூடவும் வேண்டும், கூடியது டெசிலீட்டருக்குக் குறைந்தது 0.5 கிராமாகவும் இருக்க வேண்டும். உங்களுக்குக் கூடியது 0.2. அதையும் ஒரு தடவையில் முடிவு கட்டுவதில்லை, திரும்ப ஒருமுறை எடுத்து உறுதி செய்வார்கள். லைட் செயினை வைத்து இந்தக் கணக்குப் போடுவது, தொடக்கத்திலேயே இரத்தத்திலும் சிறுநீரிலும் அளக்கக்கூடிய எம் புரதம் இல்லாதவர்களுக்கு. அங்கேயும் கப்பாவுக்கும் லாம்டாவுக்கும் உள்ள இடைவெளி லீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவின் இடைவெளி மே மாதம் 19, இப்போது 29. புதிய எலும்புப் புண், கல்சியம் ஏறுவது போன்றவை வேறு கணக்கு, அவற்றை டொக்டர் பார்ப்பார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 58ஐ விட்டுவிட்டு அந்த 29ஐப் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. கப்பா வகையில் கெட்ட அணுக்கள் உண்டாக்குவது கப்பாவை மட்டும். நோய்தான் ஏறுகிறது என்றால் கப்பா ஏறும், லாம்டா நின்ற இடத்தில் நிற்கும் அல்லது இறங்கும், கப்பாவை லாம்டாவால் வகுத்த விகிதம் ஏறும். உங்களுக்கு லாம்டாவும் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கிறது. விகிதம் மே மாதம் 2.27, இப்போது 2.0.

இரண்டு செயினும் கைகோத்துக்கொண்டு ஏறினால் எனக்கு முதலில் தோன்றுவது மூன்று. அளக்கும் முறை வேறாக இருக்கலாம்: இந்த டெஸ்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கம்பனிகளின் முறைகள் இருக்கின்றன, ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிட முடியாது. கிருமித் தொற்று இருக்கலாம்: அப்போது நல்ல அணுக்களும் சேர்ந்து உழைக்கும். மூன்றாவது சிறுநீரகம். லைட் செயினை வடித்து வெளியே தள்ளுவது அதுதான். சிறுநீரகம் நன்றாக இருந்தால் லைட் செயின் சில மணி நேரத்தில் பாதியாகும், சோர்ந்துவிட்டால் நாள்கணக்கில் தங்கும். விகிதத்துக்கு வழக்கமான எல்லை 0.26 முதல் 1.65 வரை என்று ரிப்போர்ட்டில் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 0.37 முதல் 3.1 வரை என்று தனியாக ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள், காரணம் இதுதான்.

உங்கள் அப்பாவின் கிரியேட்டினின் 1.1இல் இருந்து 1.3. ஆகவே இரண்டு கேள்வி. கடந்த ஒரு மாதத்தில் அவருக்குக் காய்ச்சல், சளி ஏதும் வந்ததா? முழங்கால் நோ என்றீர்கள், அதற்கு என்ன குளுசை போடுகிறார்?

கொட்டாஞ்சேனை அக்கா | ஆகஸ்ட் 13, காலை 8.15

லாப் மாறினால் என்ன கூத்து நடக்கும் என்று என்னைக் கேளுங்கள். என் இவருக்கு லைட் செயின் மட்டும் வரும் வகை, லாம்டா. ஒரு லாபில் 412 என்று வந்தது. அடுத்த மாதம் இன்னொரு லாபில் 39.8. பத்தில் ஒன்று! நான் வீட்டில் பாற்சோறு பொங்கி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்து, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். கிளினிக்கில் டொக்டர் பேனையை எடுத்து எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தை வட்டம் போட்டார். முதல் லாப் லீட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது லாப் டெசிலீட்டருக்கு மில்லிகிராம். “பத்தால் பெருக்குங்கள் அம்மா” என்றார். 398. மெழுகுதிரிக் காசை அந்தோனியாரிடம் திருப்பிக் கேட்கவா முடியும்?

24 மணி நேரச் சிறுநீர் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் எழும்பியதும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும், நேரத்தைக் குறிக்க வேண்டும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் சிறுநீர் சேர்க்கும் கானுக்குள், மறுநாள் காலை அதே நேரத்துச் சிறுநீரோடு முடிவு. ஒருமுறை இவர் கானை வீட்டில் வைத்துவிட்டு வத்தளையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாடு, பிரியாணி, இரண்டு சோடா எல்லாம் முடித்து வந்தார். அங்கே போனதெல்லாம் அந்த மண்டபத்துக் கழிப்பறையோடு சரி. அந்த மாதம் புரதம் அருமையாகக் குறைந்திருந்தது.

லண்டன் தம்பி | ஆகஸ்ட் 13, பகல் 1.02

கொட்டாஞ்சேனை அக்காவுக்கு ஒரு கும்பிடு. எங்கள் வீட்டிலும் இதே கதை. அம்மா கொழும்பில், அண்ணா இங்கே. மயலோமா அண்ணாவுக்கு மட்டும்தான், அம்மாவுக்கு இல்லை, ஆனால் இரண்டு பேரின் ரிப்போர்ட்டையும் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு ஒப்பிடுவது ஒரு பொழுதுபோக்கு. இங்கே ஹீமோகுளோபின் 116 என்று வரும், அது அங்கே 11.6. இங்கே கிரியேட்டினின் 97, அங்கே 1.1. இங்கே எம் புரதம் 4, அங்கே 0.4. அண்ணாவின் கிரியேட்டினின் 97 என்றதும் பெரியம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்.

டாராட்டுமுமாப் என்ற மயலோமா ஊசி போடுபவர்களுக்கு ஒரு விடயம். அந்த மருந்தே ஒரு ஐ.ஜி.ஜி. கப்பா புரதம். அண்ணாவுக்கு நோய் அடங்கிய பிறகும் எம் புரதம் எந்த வகை என்று பார்க்கும் இம்யூனோபிக்சேஷன் டெஸ்டில் மெல்லிய ஒரு கோடு வந்துகொண்டே இருந்தது, கடைசியில் அது மருந்தின் கோடு என்றார்கள். இரத்தம் ஏற்ற வேண்டி வந்தாலும், இந்த மருந்து போடுகிறோம் என்று இரத்த வங்கிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொருத்தம் பார்க்கும் டெஸ்டை அது குழப்பும்.

நாரஹேன்பிட்டி | ஆகஸ்ட் 13, மாலை 6.47

எல்லோரும் ஆறுதல் சொல்கிறீர்கள், நல்லது. நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று கதைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என் அம்மாவும் கப்பா வகை. நான்கு ரிப்போர்ட்டில் கப்பா 90, 140, 210, 330. ஒவ்வொரு முறையும் “லாப் வித்தியாசம்”, “சளி பிடித்திருக்கிறது”, “அடுத்த மாதம் பார்ப்போம்”. இடம் பெயர் சொல்ல விரும்பவில்லை. ஐந்து மாதம் இப்படிப் போனது. அந்த ஐந்து மாதமும் லாம்டா 11, 10, 9, 8 என்று இறங்கிக்கொண்டிருந்ததை நாங்களும் பார்க்கவில்லை. பிறகு விலா எலும்பு உடைந்து, அப்போதுதான் ஸ்கேன்.

ஏறி இறங்கும் எண் வேறு. ஒரே பக்கமாக நடக்கும் எண் வேறு. “வித்தியாசம் வரத்தான் செய்யும்” என்ற வார்த்தை அந்த இரண்டையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது.

ஓய்வுபெற்ற லாப்காரர் | ஆகஸ்ட் 13, இரவு 7.30

நாரஹேன்பிட்டி சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். 90க்கு 11 என்றால் விகிதம் 8. 330க்கு 8 என்றால் 41. அதை வித்தியாசம் என்று யாரும் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவுக்கு இப்போது எப்படி?

நாரஹேன்பிட்டி | ஆகஸ்ட் 13, இரவு 7.44

வேறு மருந்து தொடங்கி இறங்கியிருக்கிறது. விகிதம் 3. நன்றி ஐயா.

சும்மா கேட்கிறேன் | ஆகஸ்ட் 13, இரவு 9.05

இவ்வளவு ஏறி இறங்கும் டெஸ்டை எதற்குச் செய்ய வேண்டும்? காசு கொடுத்துப் பயத்தை வாங்குவது மாதிரித்தானே இருக்கிறது.

ஓய்வுபெற்ற லாப்காரர் | ஆகஸ்ட் 14, காலை 5.20

நியாயமான கேள்வி. 2011இல் மேயோ கிளினிக்காரர்கள், நோய் நிலையாக இருந்த ஆட்களைத் தொடர்ந்து அளந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நோய் அசையாமல் இருக்கும்போதே இரத்தத்து எம் புரதம் 8 சதவீதம் அளவில் அங்குமிங்கும் ஆடியது. லைட் செயின் 28 சதவீதம் அளவில். சிறுநீர்ப் புரதம் 36 சதவீதம் அளவில். கலியாண வீட்டுக்குப் போன அண்ணரின் கான் இதில் சேராது. எண்கள் இப்படி ஆடும் என்பதால்தான் 25 சதவீதத்தோடு நிறுத்தாமல், 0.5 கிராம் வேண்டும், 100 மில்லிகிராம் வேண்டும், இரண்டு தடவை வேண்டும் என்று நிபந்தனை மேல் நிபந்தனை போட்டிருக்கிறார்கள்.

டெஸ்ட் செய்யாமல் இருந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1840களில் லண்டனில் ஒரு மளிகை வியாபாரி எலும்பு நோவோடு படுத்தார். அவருடைய சிறுநீரைச் சூடாக்கினால் ஏதோ ஒன்று திரண்டது, கொதிக்கவிட்டால் திரும்பக் கரைந்தது, ஆறினால் மறுபடி திரண்டது. பென்ஸ் ஜோன்ஸ் என்ற டொக்டர் அதை ஆராய்ந்து எழுதிவைத்தார். இன்று லைட் செயின் என்கிறோமே, அது அந்தச் சாமான்தான். வியாபாரியோ எலும்பு எலும்பாக நொறுங்கி இறந்துபோனார். எனக்கென்றால் ஆடுகிற எண்ணாவது கையில் இருப்பது மேல்.

138 பஸ் | ஆகஸ்ட் 14, காலை 7.12

மகரகம போகும் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், நுகேகொடையில் நெரிசல், பிழை இருந்தால் மன்னிக்கவும். இந்த இழையிலேயே கேட்கலாமா தெரியவில்லை. மாமிக்குக் கல்சியம் 8.9, நல்லது என்று ரிப்போர்ட் சொல்கிறது. டொக்டர் அல்புமினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். அது ஏன்?

தெஹிவளை 7 வருடம் | ஆகஸ்ட் 14, காலை 7.40

இரத்தத்தில் கல்சியத்தின் ஏறத்தாழ பாதி அல்புமினில் ஒட்டிக்கொண்டு திரியும். அல்புமின் குறைந்தவருக்கு மொத்தக் கல்சியம் குறைவாகக் காட்டும், உண்மையில் வேலை செய்யும் கல்சியம் கூடுதலாக இருக்கலாம். 4இல் இருந்து அல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, கல்சியத்தோடு கூட்டுங்கள். மாமியின் அல்புமின் எத்தனை?

138 பஸ் | ஆகஸ்ட் 14, காலை 7.46

2.8. அப்படியென்றால் 9.86. சரியா?

தெஹிவளை 7 வருடம் | ஆகஸ்ட் 14, காலை 7.49

சரி. அதுவும் நல்ல எண்தான். நிம்மதியாகப் போய் வாருங்கள். இறங்கும்போது குடையை விட்டுவிட வேண்டாம், நான் அந்த பஸ்ஸில் மூன்று குடை விட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை மகள் | ஆகஸ்ட் 14, இரவு 9.33

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஐயா கேட்ட கேள்விக்குப் பதிலோடு வந்திருக்கிறேன்.

நேற்று இரவு அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக் கண்ணாடி போட்டு வாசித்தார். “இதற்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாய்?” என்றார். காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். ஜூலை கடைசியில் பேரனிடம் இருந்து சளி தொற்றி ஆறு நாள் இருமியது எனக்கே ஞாபகம் வந்தது, சாதாரண தடிமன் என்று விட்டுவிட்டோம். நோவுக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். பனடோல் மட்டும்தான் என்றார்.

இன்று உடுப்புத் தோய்க்க எடுத்தபோது அவருடைய நீலக் கோட்டுச் சேர்ட்டின் பொக்கெட்டில் ஒரு காட் குளுசை. நோவுக்குப் போடும் டைக்ளோபினாக் 50. பத்தில் எட்டுக் காலி. கட்டிலுக்குக் கீழே செருப்புப் பெட்டிக்குள் இன்னொரு காட், அது முழுக்கக் காலி. சந்தியில் உள்ள பார்மசியில் சீட்டு இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் தெரியாது. கேட்டால், “உனக்குச் சொன்னால் மகரகமவுக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்க இருத்துவாய், ஒரு முழங்காலுக்கு எதற்கு அவ்வளவு?” என்கிறார்.

ஓய்வுபெற்ற லாப்காரர் | ஆகஸ்ட் 14, இரவு 9.50

26ஆம் திகதி வரை காத்திருக்க வேண்டாம் மகளே. நாளைக்கே கிளினிக்குக்குப் போன் எடுத்து, கிரியேட்டினின் எண்ணையும் அந்தக் குளுசையின் பெயரையும் சொல்லுங்கள். மயலோமா உள்ளவர்கள் டைக்ளோபினாக், இபுபுரோபன் இனத்துக் குளுசைகளைக் கேட்காமல் தொடக்கூடாது. லைட் செயினை வடிப்பதே அந்தச் சிறுநீரகத்துக்குப் பெரிய பாரம், அதற்கு மேல் இது அடிக்கிற அடி. லெனலிடோமைட்டும் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாகக் குறைந்தால் அதன் அளவையே மாற்றுவார்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்றும் கேளுங்கள், இருதயத்தில் பிரச்சினை இருந்தால் கணக்கு வேறு.

அப்பாவை ஏச வேண்டாம். என் அப்பாவும் குளுசையைச் செருப்புப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தார்.

இயற்கை வாழ்வு | ஆகஸ்ட் 14, இரவு 11.15

சீந்தில் கசாயம் காலை மாலை குடித்தால் கிரியேட்டினின் தானாக இறங்கும். ஆங்கில மருந்து எல்லாமே சிறுநீரகத்துக்கு நஞ்சு.

தெஹிவளை 7 வருடம் | ஆகஸ்ட் 15, காலை 6.05

தம்பி, சீந்தில் குடித்து ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய டொக்டர்மார் எழுதியிருக்கிறார்கள். குடிப்பதாக இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். ஒளித்துப் போட்ட குளுசை என்ன செய்யும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஒளித்துக் குடிக்கும் கசாயம் மட்டும் வேறா?

வெள்ளவத்தை மகள் | ஆகஸ்ட் 15, பகல் 12.20

போன் எடுத்தேன். கிளினிக் மிஸ் டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: டைக்ளோபினாக்கை இன்றோடு நிறுத்தவும், நோவுக்கு பனடோல் மட்டும், திங்கட்கிழமை கிரியேட்டினினை மட்டும் திரும்பச் செய்து கொண்டுவரவும். லைட் செயினை உடனே எடுக்க வேண்டாமாம், நான்கு கிழமை விட்டு, பழைய லாபிலேயே. இரத்தம் கொடுத்தது எந்த நாள் என்று தெஹிவளை அண்ணா கேட்டிருந்தீர்கள். குளுசையின் 20ஆம் நாள்.

வெள்ளவத்தை மகள் | செப்டெம்பர் 18, இரவு 8.40

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும்.

ஆகஸ்டில் அந்தத் திங்கட்கிழமை செய்த கிரியேட்டினின் 1.2. மற்றவை இன்று வந்தன, பழைய லாப், ஓய்வு நாளின் 6ஆம் நாள். கிரியேட்டினின் 1.1. ஹீமோகுளோபின் 11.2. பிளேட்லெட் 156 ஆயிரம். கப்பா 37, லாம்டா 17, விகிதம் 2.18. எம் புரதம் 0.5.

முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், மயலோமா புண் இல்லை, வயதுத் தேய்மானம். அப்பாவுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம், “இதற்கா?” என்றார்.

ஓய்வுபெற்ற லாப்காரர் | செப்டெம்பர் 18, இரவு 9.02

சந்தோஷம். லாம்டாவும் கூடவே இறங்கியிருக்கிறது, கவனித்தீர்களா? 0.4க்கும் 0.5க்கும் நடுவில் நான் ஒன்றையும் வாசிக்க மாட்டேன்.

நாரஹேன்பிட்டி | செப்டெம்பர் 18, இரவு 9.10

நான் வாசிப்பேன் ஐயா. பயந்து அல்ல. 0.5 என்று எழுதிவைத்து, நவம்பர் எண்ணுக்காகக் காத்திருப்பேன். அதே லாப், அதே ஓய்வுக் கிழமை.

வெள்ளவத்தை மகள் | செப்டெம்பர் 18, இரவு 9.26

அப்படியே செய்கிறோம் அக்கா. கிளினிக் கொப்பியோடு சேர்த்து ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, பக்கத்துக்கு ஒரு திகதி போட்டு எல்லா எண்ணையும் எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் “வேறு” என்று தலைப்புப் போட்டு வெறுமையாக விட்டிருந்தேன், காய்ச்சல், ஊசி, பயணம் ஏதாவது எழுதலாம் என்று. இன்று திறந்து பார்த்தால் ஆகஸ்ட் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: “ஜூலை 26 முதல் 31 வரை சளி. டைக்ளோ 18 குளுசை, மகளுக்குத் தெரியாமல்.”